ஏழாவது ஸ்ட்ரிங் யாருக்கு?



இந்த வார எபிசோடில் கஸ்டம் கீபோர்டு பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். சுவிட்ச், கீகேப், பிளேட் என்று ஆளாளுக்கு அடித்து விளையாடினோம். ரெக்கார்டிங் முடிந்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. "என்ன தேவைன்னு தெரியாம கஸ்டம் ஆர்டர் பண்ணாதீங்க" என்று மைக் முன்னாடி உபதேசம் பண்ணினவன் நான். அதே தப்பை 9,198 டாலர் கொடுத்துப் பண்ணினவனும் நான்தான். கீபோர்டில் இல்லை, பேஸ் கிட்டாரில். எபிசோடில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு, ஏழு ஸ்ட்ரிங் பேஸ் ஒன்றை ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்வதற்கு முன்னால், இப்போது கையில் இருக்கும் பேஸில் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்தக் காசு ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

நாலில் இருந்து ஏழு வரை

பேஸ் பக்கம் வராதவர்களுக்காகச் சுருக்கமாக. 1951-ல் ஃபெண்டர் கம்பெனி பிரசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாலு ஸ்ட்ரிங், கீழே இருந்து ஈ, ஏ, டி, ஜி. அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் உலகத்தில் விற்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான். ராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்ததையும், ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் நாம் பேர் தெரியாமலேயே முணுமுணுத்து வளர்ந்தவர்கள்தானே. பேஸ் என்ற வார்த்தை தெரிவதற்கு முன்பே பேஸ் லைன் தெரிந்த ஊர் நம்முடையது.

அந்த நாலுக்குக் கீழே ஒரு பி ஸ்ட்ரிங் சேர்த்தால் ஐந்து. மேலே ஒரு சி சேர்த்தால் ஆறு. ஏழாவது, ஒன்று இன்னும் கீழே எஃப்-ஷார்ப், அல்லது இன்னும் மேலே எஃப். நாலு ஸ்ட்ரிங் பேஸின் அடி ஈ 41.2 ஹெர்ட்ஸ். அடி பி 30.87. அதற்கும் கீழே எஃப்-ஷார்ப் 23.12. மனிதக் காதின் கீழ் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஞாபகம் இருக்கா? நான் ஆர்டர் கொடுத்தது அந்த எல்லைக்கு மூன்று ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பிக்கு.

வாரநாளில் நான் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற ஆள். சனி ஞாயிறு, மாண்ட்ரியலில் ஒரு இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிப்பேன். குழுவில் நான் மட்டும்தான் கோயம்புத்தூர். மற்றவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணம். கல்யாணம், சாமத்திய வீடு, பொங்கல் விழா என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு மேடை. அதில் பாதிக்கு மேல் எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு. அந்தப் பாட்டுகளுக்கு ஏழு ஸ்ட்ரிங் எதற்கு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் அண்ணை மட்டும் ஒரு தடவை சொன்னார்: "தம்பி, நீ ஏழு கம்பி வாங்கு, எட்டுக் கம்பி வாங்கு. மூண்டாம் வரிசையில இருக்கிற ஆளுக்கு நீ வாசிக்கிறது கேக்குதோ எண்டு முதல்ல பார்." நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவர்கள் ஏன் கேட்டார்கள்

ஆறு ஸ்ட்ரிங் பேஸின் கதை ஆந்தனி ஜாக்சனிடம் தொடங்குகிறது. நியூயார்க் ஸ்டுடியோக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு ஈக்குக் கீழே இருக்கும் சுரங்கள் வேலையிலேயே தேவைப்பட்டன. ஸ்ட்ரிங்கைத் தளர்த்தித் தளர்த்தி வாசித்துப் பார்த்தார். கிட்டார் குடும்பத்தின் அடி வாத்தியம் இது, குடும்பத்துக்கு ஆறு என்றால் இதற்கு மட்டும் ஏன் நாலு என்பது அவர் வாதம். 1975-ல் கார்ல் தாம்ப்சன் அவருக்கு முதல் ஆறு ஸ்ட்ரிங் பேஸைச் செய்து கொடுத்தார்.

இங்கே கவனியுங்கள்: அந்த முதல் வெர்ஷன் அவருக்குச் சரிப்படவில்லை. ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே இடைவெளி போதவில்லை. அதன் பிறகு கென் ஸ்மித், அதன் பிறகு புரூக்ளினில் ஃபொடேரா என்று வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார். கடைசியில் அவர் கைக்கு வந்து நிலைத்த வாத்தியத்தில் நீளம் 36 அங்குலம். வால்யூம் குமிழ் கிடையாது, டோன் குமிழ் கிடையாது. பிக்கப்பில் இருந்து நேரே வெளியே ஒரு ஒயர். மற்றவர்கள் கஸ்டம் என்றால் கூட்டிக்கொண்டே போவார்கள். தனக்கு எது வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு அவருக்கு வேலை செய்து செய்து வந்தது.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. நம்ம ஊர் என்றால் இப்போ மாண்ட்ரியல். உசெப் என்ற கெபெக் ஃப்யூஷன் குழுவில் வாசித்த அலெய்ன் காரோன். அந்தக் குழு 2017-ல் மாண்ட்ரியல் ஜாஸ் விழாவுக்காக மறுபடி சேர்ந்ததைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கலாம். அவர் கையில் இருப்பது ஃப்ரெட் இல்லாத ஆறு ஸ்ட்ரிங் பேஸ். செய்வது ஒண்டாரியோவில் ஹாமில்டனில் இருக்கும் எஃப் பேஸ் பட்டறை. அவர் பெயரிலேயே அங்கே ஒரு மாடல் உண்டு. அவர் அதில் ராகம் பாடுகிற மாதிரி மெலடி வாசிப்பார். மெலடி வாசிக்கிறவருக்கு மேலே சி ஸ்ட்ரிங் வேண்டும், வழுக்கிப் போக ஃப்ரெட் இல்லாத பலகை வேண்டும். வாசிப்பைக் கேட்டாலே ஸ்பெக் ஏன் அப்படி என்று புரிந்துவிடும்.

நம் பக்கத்தில் இதற்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸைச் சொல்வேன். மாண்டலினில் வழக்கமாக எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நாலு ஜோடி. ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவருவது பெரும்பாடு. அவர் எலக்ட்ரிக் மாண்டலினில் ஒற்றைத் தந்திகளாக ஐந்து வைத்துக்கொண்டார். எட்டிலிருந்து ஐந்து. எண்ணிக்கை குறைந்தது, கர்நாடக இசைக்கு வேண்டியது கிடைத்தது.

மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. மூன்று பேரிடமும் ஒரு பிரச்சினை இருந்தது. வாத்தியம் அதற்குப் பதிலாக வந்தது.

நான் ஏன் கேட்டேன்

என்னிடம் இருந்தது பிரச்சினை இல்லை, ஒரு ஸ்ப்ரெட்ஷீட். மரம், பிக்கப், ப்ரிஆம்ப், ஃப்ரெட் எண்ணிக்கை, உள்ளே லைட் எரியும் புள்ளிகள் என்று 43 வரி. ஆறு ராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன். பட்டறைக்காரர் பொறுமையான மனிதர். எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டு மெயில் அனுப்பினார்: அந்த அடி எஃப்-ஷார்ப்பில் நீங்கள் வாசிக்கப்போகும் பாட்டு எது?

நான் எழுதின பதிலை இன்றைக்குப் படித்தாலும் கூச்சமாக இருக்கிறது. "இப்போதைக்கு எதுவும் இல்லை, ஆனால் ஃப்யூச்சர் ப்ரூஃபாக இருக்கட்டும்."

பத்து வருஷமாக க்ளையன்ட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிற சைட்டுக்கு, "நாளைக்குக் கோடிப் பேர் வந்தா?" என்று குபெர்நெட்டீஸ் கிளஸ்டர் கேட்பவர்களை எத்தனை தடவை உட்கார வைத்துப் பேசியிருப்பேன். "என்ன கஷ்டம்னு சொல்லுங்க, என்ன வேணும்னு அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் என் முதல் மீட்டிங் வசனம். பட்டறைக்காரர் எனக்குச் சொன்னதும் அதேதான். அந்த மெயிலில் க்ளையன்ட் நான்.

விலை 8,000 டாலர். கெபெக்கில் இரண்டு வரியும் சேர்த்து 14.975 சதவீதம். ஆகமொத்தம் 9,198. பதினாலு மாதம் காத்திருந்தேன். வந்த வாத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது; கேட்டதை அப்படியே செய்திருந்தார்.

கம்பியின் கணக்கு

சிக்கல் நான் கேட்டதில்தான். விரல் பழக்கம் மாறக்கூடாது என்று 34 அங்குலமே போதும் என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் அடம்பிடித்திருந்தேன்.

இது ப்ளஸ் டூ இயற்பியல். ஒரே கம்பியை, ஒரே சுரத்துக்கு வைத்தால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 34-ஐ 37 ஆக்கினால் இழுவிசை சுமார் 18 சதவீதம் கூடுகிறது. 35 ஆக்கினால் 6 சதவீதம். நீளத்தைக் கூட்டாமல் அடி சுரம் வேண்டும் என்றால் கம்பியைத் தடிக்க வைக்க வேண்டும். தடித்த கம்பி கொஞ்சம் கம்பியாகவும் கொஞ்சம் இரும்புக் கழியாகவும் நடந்துகொள்ளும். அதன் மேல்சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கூர்மையாக ஏறிவிடும். காதுக்கு அது "கொழ கொழ" என்று கேட்கும். என் எஃப்-ஷார்ப் அப்படித்தான் இருந்தது. துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கியது என்று சொன்னால் பட்டறைக்காரர் கோபித்துக்கொள்வார், ஆனால் உண்மை அதுதான்.

இதற்குத் தெரிந்த தீர்வு ஒன்று உண்டு: ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் வேறு நீளம். ஃப்ரெட்டுகள் விசிறி மாதிரி சாய்ந்திருக்கும். ரால்ஃப் நோவாக் 1989-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். சஸ்கட்டூனில் ஷெல்டன் டிங்வால் இதையே பேஸில் கொண்டுவந்து பேர் வாங்கினார். அவருடைய ஐந்து ஸ்ட்ரிங் மாடல்களில் ஜி 34 அங்குலம், அடி பி 37 அங்குலம். ஆனால் ஐடியா புதுசு இல்லை, பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆர்ஃபேரியன் என்ற வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட் உண்டு. காப்புரிமை பற்றி நாம் போட்ட எபிசோடைக் கேட்டவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

மிக்ஸரில் ஒரு பட்டன்

வாத்தியம் வந்த அடுத்த பொங்கல். டோலார்-தெ-ஓர்மோ பக்கம் ஒரு ஹால், முந்நூறு பேர். சவுண்ட் செக்கில் அந்த எஃப்-ஷார்ப்பை ஒரு தட்டுத் தட்டினேன். ஹாலில் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் வலை மட்டும் புஸ் புஸ் என்று ஆடியது. சவுண்ட் பார்த்த பையன் என்னைப் பார்த்தான், மிக்ஸரைப் பார்த்தான். பேஸ் சேனலில் ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டு 40 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து வைத்தான். நாற்பதுக்குக் கீழே இருப்பதை எல்லாம் வழித்து எடுத்துவிடும் பட்டன் அது. "இப்ப க்ளியரா இருக்குண்ணா" என்றான். உண்மையிலேயே க்ளியராக இருந்தது. பதினாலு மாதம் காத்திருந்து வாங்கின 23 ஹெர்ட்ஸ் ஒரு விரல் அசைவில் போய்விட்டது.

அந்தப் பையன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஏன் என்று பார்ப்போம்.

ஸ்பீக்கர் உலகத்தில் ஹாஃப்மன் இரும்பு விதி என்று ஒன்று சொல்வார்கள். ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன், கேஎல்எச் ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் இருக்கும் 'எச்' அவர்தான். விதி இது: பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், ஆழமான சுரம் வர வேண்டும், கொடுத்த வாட்ஸுக்கு நிறையச் சத்தம் வர வேண்டும், மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்களுக்கு இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். 2000-ல் எரிக் ப்ரூயர் சொன்ன சிஏபி தேற்றத்தின் அண்ணன் மாதிரி. டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸில் மூன்றும் வேண்டும் என்று கேட்கும் மேனேஜரைப் பார்த்துச் சிரிக்கிற நாம், மெட்ரோவில் தூக்கிப்போகிற சைஸில் ஒரு பெட்டி வாங்கி 23 ஹெர்ட்ஸ் எதிர்பார்க்கிறோம்.

அடுத்த கணக்கு. அதே சத்தத்தில் ஒரு ஆக்டேவ் கீழே போனால் கோன் நாலு மடங்கு தூரம் நகர வேண்டும். ஈயில் இருந்து எஃப்-ஷார்ப்புக்கு இறங்கினால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். இத்தோடு காதும் ஒத்துழைக்காது. கேட்புத் திறனுக்கான ஐஎஸ்ஓ 226 தரப்படி, 40 ஹெர்ட்ஸ் சத்தம் காதில் விழ 51 டெசிபல் போதும். 25 ஹெர்ட்ஸுக்கு 69 டெசிபல் தேவை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். 300 வாட்ஸ் ஆம்பை விற்று 600 வாங்கினால் ஊரே அதிரும் என்று நினைத்தால் ஏமாந்துதான் போவீர்கள். கையில் இருக்கும் ஆம்புக்கு அதே மாதிரி இன்னொரு பெட்டியை இணைத்தால் 6 டெசிபல் வரை ஏறலாம். (இரண்டு 8 ஓம் பெட்டி சேர்ந்தால் 4 ஓம். உங்கள் ஆம்ப் 4 ஓம் தாங்குமா என்று பின்பக்கம் பார்த்துவிட்டு இணையுங்கள். புகை வந்த பிறகு எனக்கு எழுதாதீர்கள்.)

அப்படியானால் அடி பி 30.87 ஹெர்ட்ஸ் எப்படிக் கேட்கிறது? பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் கேட்பது அதன் மேல்சுரங்களை: 62, 93, 123 என்று போகும் வரிசை. அடியில் இருக்க வேண்டியதை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். டீக்கடை ரேடியோவின் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் ராஜாவின் பேஸ் லைன் நமக்குக் கேட்டது இப்படித்தான். அந்த ஸ்பீக்கரில் அடி சுரம் வந்திருக்கவே முடியாது. மேல்சுரம் சுத்தமாக வந்தது, மிச்சத்தை நாம் போட்டுக்கொண்டோம்.

ஆகவே மேடைக்கு வேண்டியது, மேல்சுரம் சுத்தமாக வரும் கம்பி, அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோகிற பெட்டி. அண்ணை முதல் நாளே சொன்னதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐஎஸ்ஓ தரம் தேவைப்பட்டது.

ஒரு நல்ல செய்தி: இந்தப் பக்கத்தில் காலம் நமக்குச் சாதகம். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ் வால்வு ஆம்ப். பெட்டியை விடுங்கள், ஆம்ப் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். இன்றைக்கு க்ளாஸ் டி ஆம்ப் ஒன்று, 500 வாட்ஸ், லேப்டாப் பையில் போகும். நியோடிமியம் காந்தம் வந்த பிறகு பெட்டியும் இளைத்துவிட்டது. ஆனால் பெட்டியின் கொள்ளளவு மட்டும் இளைக்க முடியாது. அங்கே ஹாஃப்மன் நிற்கிறார்.

குளிர்காலம் என்ற டெஸ்டர்

மாண்ட்ரியலில் ஆர்டர் கொடுக்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஜனவரியில் வெளியே மைனஸ் 20, உள்ளே ஹீட்டர். ஹியூமிடிஃபயர் இல்லாத வீட்டில் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கும் கீழே போகும். ஜூலையில் தலைகீழ். மரம் இந்த இரண்டுக்கும் நடுவே மூச்சு விடும். ஏழு ஸ்ட்ரிங் பேஸின் கழுத்து அகலமானது, இழுவிசையும் அதிகம். என்னுடையது முதல் குளிர்காலத்திலேயே பின்னால் வளைந்தது. ஃப்ரெட்டின் முனைகள் மரத்தை விட்டு வெளியே நீட்டி, கையில் கீறின. ட்ரஸ் ராடைத் திருகக் கற்றுக்கொண்டேன். இப்போது அறையில் 45 சதவீதம் வைத்திருக்கிறேன். வெளியே இருந்து வந்ததும் உறையைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுவேன்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. ரோஸ்வுட், நம் ஊர் ஈட்டி மரம் உட்பட அந்த இனம் முழுக்க, 2017 ஜனவரியில் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. பழைய ஸ்டாக் இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், எல்லை தாண்டும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் எப்படிக் கேட்பார்கள்

இத்தனை அடி பட்ட பிறகு நான் யோசித்தது வீணையைத்தான். கஸ்டம் ஆர்டர் என்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த பழக்கம் இல்லையே. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரம். ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, துண்டுகளைச் சேர்த்தால் ஒட்டு வீணை. நம் பேஸ் உலகத்தில் கழுத்தும் உடம்பும் ஒரே கட்டையா, போல்ட் போட்டதா என்று சண்டை போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே சண்டைதான்.

ஆனால் வீணையில் ஏழு தந்தி. வாசிக்க நாலு, சுருதிக்கும் தாளத்துக்கும் மூன்று. மெழுகில் பதித்த 24 மெட்டு. இதை யாரும் ஸ்ப்ரெட்ஷீட்டில் மாற்றச் சொல்வதில்லை. மாறுவது கட்டை, சுருதி, கைக்கு ஏற்ற அளவு, மெட்டு உட்காரும் நுணுக்கம். மெழுகு இளகினால் மெட்டுகளை மறுபடி பதிக்க வேண்டும். செய்தவரோடு உறவு ஆர்டரோடு முடிவதில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றத் தேவையில்லை என்பதைப் பல தலைமுறை வாசித்துத் தீர்மானித்து வைத்திருக்கிறது. பேஸ் கிட்டாருக்கு வயது எழுபத்துச் சொச்சம்தான். அதனால் அந்த வேலையை ஒவ்வொருவரும் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்போ கஸ்டமே வேண்டாமா?

"உனக்குத் தேவையில்லை என்பதற்காக எல்லாருக்கும் தேவையில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் ஏழு ஸ்ட்ரிங்கை இரண்டாவது வருஷம் விற்றேன், 4,300 டாலருக்கு. வாங்கினவர் இதே ஊரில் ஒரு மெட்டல் குழுவில் வாசிப்பவர். அவர் குழுவின் கிட்டார் எட்டு ஸ்ட்ரிங், அதன் அடி எஃப்-ஷார்ப். அதற்குச் சரியாக ஒரு ஆக்டேவ் கீழே அவருக்கு வேண்டும். வந்தார், கம்பியை இன்னும் தடித்ததாக மாற்றினார், பிக் வைத்து நாலு அடி அடித்தார். அந்த வாத்தியம் முதல் தடவையாக வாயைத் திறந்தது. பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது.

இடது கைக்காரர்களுக்கு, சின்னக் கை உள்ளவர்களுக்கு, மணிக்கட்டு வலியோடு வாசிப்பவர்களுக்குக் கடையில் கிடைப்பது பல சமயம் பொருந்தாது. அவர்கள் தாராளமாக ஆர்டர் கொடுக்க வேண்டும். அழகுக்காக, ஆசைக்காக வாங்குகிறேன் என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆசை என்று சொல்லியே வாங்குங்கள். நான் ஆசையைத் தேவை என்று எழுதினேன்; 4,898 டாலர் நஷ்டம் அந்த ஒரு வார்த்தைக்கு.

ஆர்டர் கொடுக்கப் போகிறவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட நாலு விஷயம்:

ஒன்று, ஒரு வருஷம் பக் லிஸ்ட் எழுதுங்கள். ஒவ்வொரு மேடைக்குப் பிறகும் ஒரு வரி. "இந்தப் பாட்டில் அடி டி கிடைக்கவில்லை", "மூன்றாவது மணியில் தோள் வலி". வருஷக் கடைசியில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் ஸ்பெக்.

இரண்டு, பின்னாலிருந்து செலவு பண்ணுங்கள். முதலில் பெட்டி, அப்புறம் ஆம்ப், அப்புறம் வாத்தியம். சத்தம் கேட்பவருக்குப் போய்ச் சேரும் இடத்தில் இருந்து தொடங்குங்கள்.

மூன்று, யாரிடமாவது ஐந்து அல்லது ஆறு ஸ்ட்ரிங்கை ஒரு மாதம் கடன் வாங்கி, நின்றுகொண்டு, முழுக் கச்சேரியும் வாசியுங்கள். கடையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் வாசித்தது கணக்கில் வராது.

நாலு, பட்டறைக்குப் பிரச்சினையை எழுதுங்கள், தீர்வை அவரிடம் விடுங்கள். "34 அங்குலம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். "அடி பி தெளிவாகக் கேட்க வேண்டும், என் கை இவ்வளவுதான் விரியும்" என்று எழுதுங்கள். முப்பது வருஷம் மரம் இழைத்தவருக்கு உங்களை விட நல்ல யோசனை இருக்கும். அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

இப்போது என் கையில் இருப்பது பழைய ஐந்து ஸ்ட்ரிங், 35 அங்குலம், யாரோ வாங்கி விற்றது. விற்ற காசில் மிச்சத்துக்கு ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்கினேன், ஒவ்வொன்றிலும் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். போன மாதம் ஒரு சாமத்திய வீடு. இடைவேளையில் அண்ணை கடைசி வரிசை வரை நடந்து போய், கோப்பியோடு திரும்பி வந்தார். "தம்பி, அங்கயும் கேக்குது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பக் லிஸ்டில் அன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

நீங்கள் ஆர்டர் கொடுத்து வாங்கி, அப்புறம் பெருமூச்சு விட்ட கதை ஏதாவது இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். கீபோர்டு, சைக்கிள், வீணை, எதுவாக இருந்தாலும் சரி. பேர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.

அன்புடன், மாண்ட்ரியலில் இருந்து.